எழும்பி நின்றால் போதும்

எழும்பி நின்றால் போதும் என்றுதான் சபைப் போதகரான ஐயர் சொல்லியிருந்தார். பேச வேண்டாம், சத்தியம் செய்ய வேண்டாம், பெண்பிள்ளைகள் கோயிலில் வாய் திறக்கிற வழக்கம் கானான்குடியிருப்பில் இல்லவும் இல்லை. பிரசங்கத்தில் அந்தப் பக்கத்தை நான் வாசித்து முடித்து, இதை எழுதின கையை அறிந்தவர்கள் எழும்பி நிற்கலாம் என்று சொல்லும்போது நீங்கள் பாயை விட்டு எழும்பினால் போதும், மிஷன் துரைசானி அம்மாள் பார்த்துக்கொள்வார்கள், மத்தியானமே கையெழுத்துப் பிரதி வண்டியேறி அச்சுக்கூடத்துக்குப் போய்விடும். போதுமாம். பெண்கள் பக்கத்துப் பாயில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த பேரின்பம் தன் முழங்காலைச் சேலைக்கு மேலாகத் தடவிக்கொண்டாள். ஒரு மனுஷி உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்புவதற்கு அப்படி என்ன பெரிய பலம் வேண்டியிருக்கிறது? அடுப்படியிலிருந்து எழும்புகிறாள், பள்ளிக்கூடத்து மண்தரையிலிருந்து எழும்புகிறாள், புருஷன் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவன் போனவன்தான் என்று தெரிந்த மறுநாள் காலையில்கூட எழும்பி, முகம் கழுவி, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். இன்றைக்கு மட்டும் முழங்கால் யாருடையதோ போலக் கிடக்கிறது. மடியில் வேதபுத்தகம், அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள். தாளை எடுத்து வந்தது ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. வண்டியில் வரும்போது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள், கொண்டை அவிழ்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல. ஐயரின் பெண்டாட்டி ரெபெக்காள் செத்து இன்றோடு ஒரு வருஷம். அவள் நாட்குறிப்பையும் கடிதங்களையும் சேர்த்து ஜீவிய சரித்திரமாக அச்சடிக்கப் போகிறார்கள், பக்தியுள்ள ஸ்திரீ ஒருத்தி செத்தால் செய்வதுதான், முன்பக்கத்தில் படம், பின்பக்கத்தில் கடைசி வார்த்தைகள். கடைசி வார்த்தைகளாக அவர்கள் வைத்திருக்கிற அந்த ஒரு பக்கம் ரெபெக்காள் எழுதினதல்ல. பேரின்பம் எழுதினது.

ஆர்மோனியம் இழுத்தது, முதல் பாட்டுக்கு எல்லாரும் எழும்பினார்கள், பேரின்பமும் எழும்பினாள், பார், இப்போது எழும்ப முடிகிறதே, சபையோடு சேர்ந்தால் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. பாட்டு கூரையில் தொங்குகிற வௌவால்கள் வரைக்கும் போயிற்று. ஆனால் ஏதோ குறைந்தது, குழம்பில் உப்பு குறைந்த மாதிரி, என்னவென்று யோசித்துப் பார்த்தால் ஐயருடைய குரல். இந்தக் கோயிலில் ஞானமாணிக்கம் ஐயர் பாட ஆரம்பித்தால் ஆர்மோனியமே அடங்கிப்போகும், தேரி மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் பதநீர் இறக்குகிறவன் மரத்தின் மேல் இருந்தபடியே ராகம் பிடிப்பான் என்பார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ரெபெக்காள் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள், முகத்தை அப்புறம்தான் பார்த்தாள், பார்த்துவிட்டு, "பரவாயில்ல அக்கா, பாடும்போது கண்ண மூடிக்கிடலாம்" என்றாள். பக்கத்தில் நின்ற சொர்ணத்தாய், ஊர்ச் செய்தி எல்லாம் தெரிந்த விதவை, விசிறியை வாய்க்கு மறைப்பாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஐயருக்கு ஒரு வருசமா நெஞ்சுச்சளி வாத்திச்சியம்மா. பாட்டுல சத்தமே வரமாட்டேங்கு. பிரசங்கத்துக்கு மட்டும் நல்லா வருது பாத்தியளா." பாவம், பெண்டாட்டி செத்த வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பேரின்பம் உட்கார்ந்தாள். காலையில் கோயில் பக்கத்து அறை வாசலில் நின்றுதான் ஐயர் எழும்பி நின்றால் போதும் என்று சொன்னார், அங்கியை இன்னும் மாட்டவில்லை, வெறும் சட்டையில் தோள் இரண்டும் ஒடுங்கி, காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் போல. "தங்கச்சி, கடைசி நாள் அவகிட்ட, ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டேன். சுவரப் பாத்துத் திரும்பிக்கிட்டா. ஒரு வருசமா அந்த முதுகுதான் கண்ணுல நிக்குது. சபைக்கெல்லாம் ஆறுதல் சொல்லுதேன், எனக்கு யாரு சொல்லுவா? இந்தப் பக்கம் கையில கெடச்ச அன்னைக்குத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. துரைசானியம்மாவுக்கு ஒரு சாட்சி வேணுமாம். உங்களத் தவிர அவ கையெழுத்து யாருக்குத் தெரியும்?" அவள் வாயைத் திறந்தாள். ஐயா, அது நான் எழுதினது. சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகப் போகிறது. திறந்த வாயால், "நேரமாச்சு ஐயா, அங்கியப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவர் ஏமாந்ததில் அவர் தப்பு என்ன இருக்கிறது? எல்லாம் பேரின்பமும் ரெபெக்காளும் படித்த காலத்து வாத்திச்சி அம்மா செய்த வேலை. போர்டிங் பள்ளிக்கூடத்தில் புதிதாக வருகிற சின்னப் பிள்ளைக்கு ஒரு மூத்த பிள்ளையை ஜோடி சேர்த்துவிடுவாள், மூத்தவள் இளையவளின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைக்க வேண்டும், எழுத்துக் கோணினால் அடி மூத்தவளுக்கு. ரெபெக்காள் வந்த அன்று மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, எண்ணெய் காணாத தலை, விரல் மட்டும் ஓணான் வால் போலத் துள்ளிக்கொண்டே இருந்தது. அந்த விரலைத் தன் உள்ளங்கைக்குள் அமுக்கி, சிவப்பு மணலில் அகரம் போட வைத்தவள் பேரின்பம். அடி வாங்கக் கூடாதே என்ற பயத்தில் அவ்வளவு அழுத்தமாகப் பிடித்தாள், அந்தப் பிடியே எழுத்தாகிப்போனது. பிறகு இரண்டு பேர் சிலேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாத்திச்சிக்கே தெரியாது. அதே சுழி, அதே சாய்வு, வரி முடிகிற இடத்தில் அதே ஒரு இழுப்பு. இவள் கையிலிருந்து போன எழுத்துத்தான், ஆனால் ரெபெக்காளிடம் போய் அது கதை எழுதியது, துரைசானியின் மாதப் பத்திரிகையில் அச்சேறியது, ஊர் ஊராய்ப் பெண்கள் அதை வாசிக்கக் கேட்டு மூக்கைச் சிந்தினார்கள். இங்கே இவளிடம் தங்கின எழுத்து வருகைப் பதிவும் வாய்ப்பாடும் எழுதிற்று. பொறாமையா? இருந்திருக்கும். கொஞ்சம். கருப்பட்டி ஏற்றிப் போகிற வண்டியில் ஒரே நோட்டுப் புத்தகம் இரண்டு ஊருக்கும் போய்வரும், அவள் கொஞ்சப் பக்கம் எழுதி அனுப்புவாள், இவள் அதன் கீழேயே எழுதித் திருப்பி அனுப்புவாள், காகிதம் மிச்சம், அதோடு மறுமொழியும் கேள்வியும் ஒரே பாயில் படுத்துக்கிடக்கும் என்பது ரெபெக்காளின் பேச்சு. பள்ளிக்கூடத்துப் புத்தகம் போகிறது என்று ஐயர் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அதை முழுக்க வாசித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "நடுவுல நடுவுல ஒரு பள்ளிக்கூடத்து வாத்திச்சி கதையும் எழுதி வச்சிருக்கா தங்கச்சி, புருசன் இலங்கைக்குப் போயிட்டான், அவ பிள்ளைகளுக்குப் பேன் பாத்துக்கிட்டே காத்திருக்கா. முடிக்கல. முடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்." பேரின்பத்துக்குச் சிரிப்பு வந்தது. தன் வாழ்க்கையை இன்னொருத்தி கதையென்று படித்து, முடிவு இல்லையே என்று குறைப்பட ஒரு ஆள் கிடைத்ததே.

ஐயர் அந்த நோட்டோடு பீடத்தில் ஏறினார். துரைசானி முன்வரிசை நாற்காலியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள், மடியில் கையெழுத்துப் பிரதி, பக்கத்தில் அதைக் கட்ட ஒரு ஊதா நாடா. நல்லவள்தான். பிரசவத்துக்குப் போய் விடியும்வரை நிற்கிறவள், சொந்தக் காசில் காய்ச்சலுக்குக் குயினா மருந்து வாங்கிக் கொடுக்கிறவள். ஆனால் கதைக்கு மட்டும் அவளிடம் ஒரு கத்தரிக்கோல் உண்டு. மாமியார் வீட்டிலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு மருமகள் வெளியேறிப் போகிற கதையை ரெபெக்காள் எழுதினாள், வாசலில் கோழிகள் பின்னாலேயே கொஞ்ச தூரம் வருகிற இடத்தில் கதை நின்றுவிடும். பத்திரிகை வந்தபோது மருமகள் திரும்பி ஓடிவந்து மாமியார் காலில் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். ரெபெக்காள் அன்றைக்கே வண்டியேறி பேரின்பத்தின் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள், பிள்ளைகள் முன்னால், ஒரு குடம் தண்ணீரையும் குடித்துவிடுகிறவள் போலக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, என் பேருக்குக் கீழ எவளோ ஒருத்தி உக்காந்து அழுதிருக்கா. எவ அவ? எனக்குத் தெரியாதவ. இனி என் பேரப் போட்டா என் வார்த்தையா இருக்கணும், இல்லன்னா பேரே வேண்டாம்." அடுத்த இரண்டு கதைகள் பேர் இல்லாமல்தான் வந்தன. 'ஒரு ஸ்திரீ' என்று போட்டிருந்தது. அவ்வளவு பிடிவாதக்காரி. அவளுக்குத்தான் இன்றைக்கு, எழும்பி நின்று, உன் பேருக்குக் கீழ் அழுதவள் நான்தானடி என்று சொல்லாமல் சொல்லப் போகிறாள் இந்த அக்கா. விசிறி நின்றுபோயிருந்தது, பேரின்பம் மறுபடி விசிறிக்கொண்டாள். காற்று சூடாக வந்தது. முன்னால் ஒருத்தி முந்தானைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், பிள்ளையின் பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டு. அதைப் பார்க்காதே.

ரெபெக்காளின் மகள் சலோமியின் பாதமும் அப்படித்தான். பார்க்காதே என்றால் கண் கேட்கிறதா. ஐந்து வயதுக் குழந்தை, அம்மாவைப் போலத் துள்ளுகிற விரல், பேதி வந்த அந்த மாசியில் காலையில் புட்டு கேட்டாள், பொழுது சாயும்போது இல்லை. ஐயர்தான் அடக்க ஆராதனை நடத்தினார், சொந்தப் பிள்ளைக்கு, குரல் உடையாமல் கடைசிப் பாட்டு வரைக்கும் பாடினார், ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மெச்சிற்று. அந்த மாதம் வண்டியில் வந்த நோட்டில் ரெபெக்காள் எதுவும் எழுதவில்லை. நடுவில் ஒரு தனித்தாள் செருகியிருந்தது, மேலே, படித்ததும் கிழித்துப்போடு என்று. கிழிக்கவில்லை. இதோ மடியில் இருக்கிறது. பிரிக்க வேண்டியதில்லை, எழுத்து எழுத்தாகத் தெரியும். 'அக்கா, நான் அவரோடு பேசுவதை விட்டுவிட்டேன். ஐயரோடு இல்லை, மேலே இருக்கிறவரோடு. சண்டை போடவில்லை, சண்டை போட்டால் சமாதானம் ஆகவேண்டி வரும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமலிருக்கிற பெண்டாட்டிகள் இல்லையா, அப்படி. கோயிலுக்குப் போகிறேன். பாட்டுக்கு எழும்புகிறேன். வாயை மட்டும் அசைக்கிறேன், சத்தம் விடுவதில்லை. யாருக்கும் தெரியாது. தொண்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும், பாடுகிறவர்கள் தொண்டை ஏறி இறங்கும், என்னுடையது அசையாது. ஆனால் தொண்டையை யார் பார்க்கிறார்கள்?' அவ்வளவுதான். கையெழுத்துக்கூடப் போடவில்லை. அதைப் படித்துவிட்டுப் பேரின்பம் என்ன செய்திருக்க வேண்டும்? வண்டி பிடித்துப் போயிருக்க வேண்டும். போய்ப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தலையில் பேன் பார்த்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பரிட்சை, இன்ஸ்பெக்டர் வருகிற வாரம். போகவில்லை. அதற்குப் பதிலாக நோட்டைத் திறந்து, ரெபெக்காளின் வெறும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், தன் வாழ்நாளிலேயே மிக நல்லவை என்று அவள் நினைத்த வாக்கியங்களை எழுதினாள்.

அதைத்தான் ஐயர் இப்போது வாசிக்க ஆரம்பித்தார். குரல் நன்றாகத்தான் இருந்தது, சளி ஒன்றும் தெரியவில்லை. "எடுத்த கை கொடுத்த கைதான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பேன். வழி எனக்குத் தெரியாது, கை தெரியும்." ஆண்கள் பக்கத்தில் யாரோ ஆமென் என்றார்கள். சொர்ணத்தாய் முந்தானையால் கண்ணை ஒற்றினாள். "எழுதியிருக்கா பாருங்க மகராசி." பேரின்பத்துக்குக் காது எரிந்தது. அழகான வாக்கியம், ஆமாம், அன்றைக்கு விளக்கைத் தூண்டிவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டாள், வழி தெரியாது, கை தெரியும், எனக்கும் எழுத வருகிறதடி என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது, அதை இப்போது நினைத்தால் எங்கேயாவது போய் விழுந்துவிடலாம் போலிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அழகாக எழுதினாள். 'நடப்பேன்' என்று அவளுக்காக இவள் எழுதினாள், மணலில் விரலைப் பிடித்து எழுத வைத்த பழக்கம், நீ சொல்ல வேண்டியதை நானே எழுதிக் காட்டுகிறேன், பார்த்து எழுது என்று. நோட்டு வண்டியில் போயிற்று. திரும்பி வரவில்லை. அடுத்த வண்டியில் இல்லை, அதற்கடுத்த வண்டியில் இல்லை, வண்டிக்காரனிடம் கேட்டால், "ஐயரம்மா ஒண்ணும் தரலம்மா, கருப்பட்டி மட்டும்தான்" என்றான். கோபமா, படித்து மனம் ஆறிவிட்டாளா, படிக்கவே இல்லையா? ஆறியிருப்பாள் என்று பேரின்பம் ஒரு நாள் நினைத்துக்கொள்வாள், மறுநாள் சோறு இறங்காது. அப்புறம் ஒரு நாள் அதே வண்டிக்காரன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். விஷக் காய்ச்சலாம். மூன்றாம் நாள் அடக்கம் முடிந்துவிட்டது. இவள் எழுதின பக்கத்தின் கீழே, மறுமொழி எழுத வேண்டிய இடம், அப்படியே வெறுமையாக இருக்கிறது. ஐயர் அதைத்தான் காட்டி, இதற்குப் பிறகு அவள் எதுவுமே எழுதவில்லை, இதுதான் அவளுடைய கடைசி என்று சொன்னார்.

எழுந்து போய் இந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டால்? அப்போது ரெபெக்காள் ரெபெக்காளாக இருப்பாள். பேரும் அவளுடையது, வார்த்தையும் அவளுடையது. பிறகு அந்த மனுஷன் இந்த வயதில், இந்த ஒடுங்கின தோளை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பின முதுகோடு மீதி நாளெல்லாம் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அந்த முதுகுக்கு அர்த்தமும் தெரிந்துகொண்டு. பேசவில்லை என்றால் பேசவில்லை, கடைசி மூச்சு வரைக்கும் பேசவில்லை. மறுமையில் அவளைப் பார்ப்போம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதானே இவர் தினமும் காலையில் அந்த அங்கிக்குள் கையை விடுகிறார். செத்தவளுக்கு ஒரு துரோகம், இருக்கிறவருக்கு ஒரு துரோகம், இரண்டில் ஒன்றை எடு என்று வைத்திருக்கிறார்கள். ஏட்டி ரெபெக்கா, நீ சொல்லு. நீ என்னடி சொல்லுவ? எவளோ ஒருத்தி உக்காந்து அழுதிருக்கா என்பாள். "இதை எழுதின கையை அறிந்தவர்கள்" என்றார் ஐயர், பீடத்தின் மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எழும்பி நிற்கலாம்." பால் குடித்த பிள்ளை ஏப்பம் விட்டது. துரைசானி திரும்பிப் பார்த்தாள். எழுதின கையை அறிந்தவர்கள். அறிவாள், அவளைத் தவிர யார் அறிவார்கள், இதோ மடியில் வேதபுத்தகத்தின் மேல் கிடக்கிறது அந்தக் கை, சுண்ணாம்புக்கட்டி பட்டு வெடித்த விரல்களோடு. கேட்ட கேள்விக்கு எழும்பி நின்றால் பொய்யும் இல்லை என்று மனசு ஒரு சாக்கை எடுத்து நீட்டிற்று, வக்கீல் மாதிரி. சீ என்று அதைத் தள்ளினாள். பொய்தான். தெரிந்தே சொல்லுகிற பொய். ஐயரின் கண்கள் ஆண்கள் பக்கம் போகவில்லை, துரைசானி பக்கம் போகவில்லை, பாயில் இவள்மேல் மட்டும் நின்றன, பதில் எழுதாத பக்கத்தைப் பார்க்கிற மாதிரி. இவரையாவது காப்பாற்றுகிறேன்டி, என்னை மன்னிச்சுக்கோ. பேரின்பம் சொர்ணத்தாயின் தோளில் கையை ஊன்றி எழும்பி நின்றாள்.

துரைசானி அவளைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, பிரதியின் மேல் ஊதா நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழும்பினார்கள், நல்லவேளை, ஒற்றையாய் நிற்கிற வெட்கம் போயிற்று, ஒருத்தி நின்றது தெரியாமல் ஊரே சேர்ந்து நின்றது. பேரின்பம் வாயைத் திறந்தாள். அவளுக்கு மனப்பாடமான பாட்டு, தூக்கத்தில்கூட வரும். சத்தம் வெளியே வரவில்லை. வரவிடவில்லை என்பதுதான் சரி. வாய் மட்டும் பாட்டின்படி திறந்து மூடிற்று, எவ்வளவு சுலபமாக இருக்கிறது, ரெபெக்காள் சொன்னது போலவே, பக்கத்தில் நிற்கிற சொர்ணத்தாய்க்குக்கூடத் தெரியவில்லை. இப்படித்தான் நின்றிருப்பாய், இதே பாயில், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, தனியாக. இந்த ஒரு பாட்டு நானும் உன்னோடு நிற்கிறேன். கண்ணீர் முட்டிற்று, மறைக்க முகத்தை நிமிர்த்தினாள், நிமிர்த்தின கண் பீடத்தில் போய் நின்றது. ஐயர் பாடிக்கொண்டிருந்தார். கண் மூடி, முகம் மேலே தூக்கி, வாய் நன்றாகத் திறந்து, ஒரு வார்த்தை விடாமல். வெள்ளைக் கழுத்துப்பட்டைக்கு மேலே அவருடைய தொண்டை தெரிந்தது. பேரின்பம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடியும்வரை அது அசையவே இல்லை.